புழுவாக இருந்தபோது தொட்ட விரலை வண்ணத்துப்பூச்சிக்கு ஞாபகம் இருக்குமா?

எலுமிச்சைத்தொட்டி எழுதியது:

வணக்கம். என் மகள் கேட்ட ஒரு கேள்விக்கு உண்மையான பதில் வேண்டும். "ஆமாம் கண்ணு, தெரியும்" என்று சொல்லி முடித்துவிடலாம்தான். நான் சொன்னால் அப்படியே நம்பிவிடுவாள். அதனாலேயே தெரியாமல் சொல்ல மனம் வரவில்லை.

அவளுக்கு ஏழு வயது. தொட்டியில் நிற்கும் எலுமிச்சைச் செடியின் இலையில் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. துடைக்கப் போனாள், அது நகர்ந்தது. அன்றிலிருந்து அந்தப் புழு அவளுடையது. வலைத்துணி கட்டிய பெட்டிக்குள் கிளையோடு வைத்தோம். தினமும் சாயங்காலம் கை கழுவிவிட்டு வந்து (எப்போதும் ஒரே சோப்புதான், இது முக்கியமா என்று தெரியவில்லை) ஆள்காட்டி விரலால் அதன் முதுகை ஒரே ஒரு தடவை தொடுவாள். தொட்டதுமே தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு கொம்பு வெளியே பிதுங்கும், பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்து. கூடவே அழுகின பழம் போல ஒரு நெடி. முதல் நாள் பயந்து கையை இழுத்துக்கொண்டாள். மூன்றாம் நாளிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

கடைசியாகத் தோலுரித்துப் பச்சையாக மாறின பிறகும் இரண்டு நாள் கொம்பு வந்தது. அப்புறம் பாதிதான் வந்தது. கடைசி இரண்டு நாள் வரவே இல்லை. தலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி இலையைத் தின்னப் போய்விட்டது. "என்கிட்ட பழகிடுச்சுப்பா" என்றாள்.

பிறகு வயிற்றிலிருந்ததை எல்லாம் ஈரமாகக் கழித்துவிட்டு, ஒரு குச்சியில் இடுப்பைச் சுற்றிப் பட்டு இழை கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவானது. பத்தாம் நாள் காலையில் கூடு பிளந்து வெளியே வந்தது. இறகெல்லாம் கசங்கின துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. இவள் விரலை நீட்டினாள், அது ஏறிக்கொண்டது. இறகு விரிந்து காயும்வரை கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் பறந்துவிட்டது.

அன்றிரவு விளக்கை அணைத்த பிறகு கேட்டாள்: "அப்பா, அதுக்கு என்னைத் தெரிஞ்சுதா?"

கூட்டுக்குள்ளே புழு கூழாகக் கரைந்துதான் பூச்சியாகிறது என்று படித்திருக்கிறேன். கூழில் ஞாபகம் எங்கே தங்கும்? பூச்சியோடு பழகியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


வேர்க்கால் எழுதியது:

நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். உடம்பே கரைந்து மறுபடி உருவாகிறது. பழைய நினைவுக்கு வாய்ப்பே இல்லை. பூச்சி செய்வதெல்லாம் பிறவியிலேயே வருவது. குழந்தையிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.


ஈக்குப்பி எழுதியது:

வேர்க்கால், அவ்வளவு சீக்கிரம் கதவைச் சாத்திவிடாதீர்கள். நான் பதினோரு வருடம் பழ ஈக்களோடு ஆய்வுக்கூடத்தில் இருந்தவள். இந்தக் கேள்விக்காகவே இரண்டு வருடத்துக்கு மேல் செலவழித்திருக்கிறேன். எலுமிச்சைத்தொட்டி, உங்கள் மகள் கேட்டதைத்தான் பெரிய பெரிய ஆட்களும் கேட்டிருக்கிறார்கள். அவளிடம் இதைச் சொல்லுங்கள்.

முதலில் அந்தக் கூழ். அதில் பாதிதான் உண்மை. புழுவின் தசையும் குடலும் பெருமளவு உடைந்து மறுபடி கட்டப்படுகின்றன. ஆனால் கூட்டுக்குள் இருப்பது வெறும் திரவம் இல்லை. 2013-ல் உயிருள்ள வண்ணத்துப்பூச்சிக் கூட்டுப்புழுக்களை எக்ஸ் கதிர் கொண்டு முப்பரிமாணத்தில் நாள்விட்டு நாள் படம் பிடித்தார்கள். மூச்சுக்குழல்கள் தொடக்கத்திலேயே உருவத்தோடு தெரிந்தன. மூளையும் அப்படியே கரைந்து போவதில்லை. நிறைய நரம்பணுக்கள் உயிரோடு அந்தப் பக்கம் வந்து சேர்கின்றன. எந்த அணுக்கள், என்ன கோலத்தில் வந்து சேர்கின்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கொம்பு வராமல் போனதைப் பற்றி உங்கள் மகள் சொன்னது சரியாகவே இருக்கலாம். திரும்பத் திரும்ப ஒரு தொந்தரவு வந்து, அதனால் கெடுதல் எதுவும் நேராவிட்டால், பிராணி அதைப் பொருட்படுத்துவதை விட்டுவிடும். கற்றலிலேயே மிக எளிய வகை இது, பழகிப்போதல் என்போம். மூளை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கூடு கட்டப் போகும் புழுவின் நடத்தை வேறு காரணங்களாலும் மாறும். தொடாமல் வளர்த்த இன்னொரு புழு பக்கத்தில் இருந்து, கடைசி நாளில் தொட்டதும் அது மட்டும் கொம்பை நீட்டியிருந்தால்தான் "பழகிடுச்சு" என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

விரலில் ஏறினது? இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கூட்டிலிருந்து அப்போதுதான் வந்த வண்ணத்துப்பூச்சிக்கு உடனே தேவை, இறகு கீழே தொங்கும்படி பிடித்துக்கொள்ள ஒரு இடம். உடம்பிலுள்ள நீரை இறகின் நரம்புகளுக்குள் அழுத்தி விரிக்க வேண்டும், காய்வதற்குள் விழுந்துவிட்டால் இறகு மடங்கியே போய்விடும். எட்டுகிற தூரத்தில் குச்சி இருந்தால் குச்சியில் ஏறும், விரல் இருந்தால் விரலில் ஏறும். அதனால் அந்த ஒரு மணி நேரத்தை வைத்து நினைவு இருந்தது என்று சொல்லிவிட முடியாது, இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

இனி நல்ல செய்தி. 2008-ல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் பிளாக்கிஸ்டன், கேசி, வைஸ் என்ற மூன்று பேர் புகையிலைக் கொம்புப்புழுவை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். உங்கள் விரல் அளவுக்குத் தடித்த பச்சைப் புழு, அந்துப்பூச்சியாக மாறுவது. எத்தில் அசிட்டேட் என்று ஒரு வாசனை, நகச்சாயம் அழிக்கும் திரவத்தில் வருமே, அதுதான். அந்த வாசனையைக் காட்டும்போதெல்லாம் புழுவுக்கு லேசான மின் அதிர்ச்சி. பிறகு கவட்டை போலப் பிரியும் குழாயில் விட்டார்கள். ஒரு கிளையில் அந்த வாசனை, இன்னொன்றில் வெறும் காற்று. பாடம் படித்த புழுக்களில் பெரும்பாலானவை வாசனைக் கிளையை ஒதுக்கின. அவை மண்ணுக்குள் போவது போலக் கூட்டுப்புழுவாகி, இறகு முளைத்து அந்துப்பூச்சியாக வெளியே வந்த பிறகு மறுபடி அதே சோதனை. பூச்சிகளும் அந்த வாசனையை ஒதுக்கின.

புழுவின் தோலில் ஒட்டியிருந்த வாசனை கூட்டுக்குள்ளும் தொடர்ந்து, வெளியே வரும்போது பூச்சி அதைப் புதிதாக அறிந்திருக்கலாமே? அதையும் விடாமல் பார்த்தார்கள். பாடம் படித்த புழுக்களின் கூடுகளைக் கழுவினார்கள். பூச்சி அப்போதும் ஒதுக்கியது. பாடமே படிக்காத கூடுகளின் மேல் வாசனையைத் தடவினார்கள். அந்தப் பூச்சிகள் ஒதுக்கவில்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதற்கு அடுத்த பகுதி. இந்தப் புழுவுக்கு ஐந்து பருவம். ஐந்தாம் பருவத்தில் பாடம் படித்தவைதான் பூச்சியானதும் நினைவு வைத்திருந்தன. மூன்றாம் பருவத்தில் படித்தவை இரண்டு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்துக்கு வந்தபோதும் பாடத்தை மறக்கவில்லை. பூச்சியானதும் மறந்துவிட்டன.

உங்கள் பாப்பா தொட ஆரம்பித்தது பறவை எச்சம் மாதிரி இருந்த சின்னப் பருவத்தில். ஆனால் பச்சையான பிறகும், அதாவது கடைசிப் பருவத்திலும், தொட்டிருக்கிறாள். வாசனையைப் பொறுத்தவரை அந்த நாட்கள்தான் கணக்கில் வரும். சோப்பு பற்றிச் சொன்னீர்களே, அது முக்கியம்தான்.


எலுமிச்சைத்தொட்டி எழுதியது:

மேடம், இரவே அவளிடம் படித்துக் காட்டினேன். மின் அதிர்ச்சி என்றதும் முகம் சுருங்கிவிட்டது, "பாவம்" என்றாள். கழுவிப் பார்த்தார்கள் என்ற இடத்தில் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு ஒரு கேள்வி, எனக்கும் அதேதான். மூன்றாம் பருவத்தில் படித்தது ஐந்தாம் பருவம் வரை இருந்ததே, அதற்கப்புறம் எங்கே போனது?


சிள்வண்டு எழுதியது:

ஈக்குப்பி மேடம் பதில் எழுதுவதற்குள் நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கூட்டுப்புழு என்ற கட்டமே இல்லாத பூச்சிகளையும் பாருங்கள். நான் வருடக்கணக்கில் சிள்வண்டு வளர்க்கிறேன். முட்டையிலிருந்து வருவதே குட்டிச் சிள்வண்டுதான், இறகு மட்டும் இருக்காது. தோலுரித்துத் தோலுரித்துப் பெரிதாகி, கடைசித் தோலுரிப்பில் இறகோடு வரும். அன்றிரவு அது வெள்ளை வெளேரென்று, கையில் எடுத்தால் நசுங்கிவிடும்போல மெத்தென்று இருக்கும். விடிவதற்குள் கறுத்துவிடும்.

ஜப்பானில் மட்சுமோட்டோ, மிசுனாமி இருவரும் 2002-ல் வெளியிட்ட சோதனை இது. தாகமாக இருக்கும் மூன்றாம், நான்காம் பருவக் குஞ்சுகளுக்கு ஒரு வாசனையோடு தண்ணீர், இன்னொரு வாசனையோடு உப்புத் தண்ணீர். ஆறு வாரம், பத்து வாரம் கழித்துச் சோதித்தார்கள். தண்ணீர் கிடைத்த வாசனையைத்தான் அவை தேடிப் போயின. சிள்வண்டுக்குப் பத்து வாரம் என்பது ஏறக்குறைய ஆயுள் முழுக்க. குழந்தையில் படித்தது கிழப்பருவம் வரை நின்றிருக்கிறது.

சிள்வண்டு மூளையில் புது நரம்பணுக்கள் வளர்ந்த பிறகும் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் கூட்டுப்புழுவில் நடப்பது போல ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பிரித்து மாட்டுவது கிடையாது. அதனால் நினைவு தங்குவதற்குத் தடையும் இல்லை என்று நினைக்கிறேன். மேடம் சரிபார்க்கட்டும்.


ஈக்குப்பி எழுதியது:

சிள்வண்டு சொன்னது சரி, நானும் அங்கிருந்துதான் ஆரம்பிக்க நினைத்தேன்.

பூச்சி மூளையில் வாசனைப் பாடங்கள் பதியும் இடத்துக்குக் காளான் உடல் என்று பெயர். தண்டும் குடையுமாகக் காளான் மாதிரி இருக்கும். 1850-ல் துஜார்தென் என்ற பிரெஞ்சுக்காரர் முதலில் விவரித்தார். பழ ஈயில் அது உருவாகும் வரிசை நன்றாகத் தெரியும், 1999-லேயே விளக்கப்பட்டது. மூன்று வகை நரம்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறக்கின்றன. முதல் வகை காமா, முட்டைக்குள் இருக்கும்போதே தொடங்கிக் கடைசிப் புழுப்பருவத்தின் நடுவரை பிறப்பவை. அடுத்த வகை புழுப்பருவத்தின் கடைசியில். மூன்றாம் வகை கூட்டுப்புழுவான பிறகே.

சின்னப் புழு காமாவை வைத்துத்தான் பாடம் படிக்கிறது. கூட்டுப்புழுவானதும் அந்தக் காமா அணுக்கள் சாவதில்லை. ஆனால் அவற்றின் கிளைகள் வெட்டுப்படுகின்றன. நீங்கள் எலுமிச்சைக்குக் கவாத்து செய்வீர்களே, அதேதான். ஒரு நாளைக்குள் கிளைகள் போய் அடித்தண்டு மட்டும் நிற்கும். பிறகு புதுத் துளிர் விடும், பழைய கிளை போன திசை எல்லாவற்றிலும் அல்ல, பெரிய ஈக்கு வேண்டிய திசையில் மட்டும். பாடம் பதிந்திருந்தது அந்தக் கிளைகளின் நுனியில், அடுத்த அணுவைத் தொடும் இடத்தில். நுனி போனால் பாடமும் போயிற்று. கடைசியில் பிறந்த அணுக்களுக்கு இந்தக் கவாத்து கிடையாது. கொம்புப்புழுவின் ஐந்தாம் பருவப் பாடம் தப்பியதற்கு இதுபோன்ற தாமதமாக வரும் பகுதிதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது அந்த மூவரின் விளக்கம். எனக்கும் அது பொருந்துவதாகவே படுகிறது. பாப்பாவிடம் கிளை வெட்டின கதையாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வாள்.

பழ ஈயில் விஷயம் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. 1974-ல் க்வின், ஹாரிஸ், பென்சர் மூவரும் ஈ கற்கும் என்று காட்டினார்கள். 1979-ல் ஈயின் புழுவும் கற்கும் என்று தெரிந்தது. 1994-ல் டல்லி குழு, புழுவில் படித்தது ஈயானதும் இருக்கிறது என்று எழுதியது. 1999-ல் பாரன், கார்பெட் இருவரும் கவனமாகத் திரும்பச் செய்து பார்த்து, அப்படி ஒன்றும் காணவில்லை என்றார்கள்.

இதில் என் கதை ஒன்று உண்டு. அப்போது நான் சேர்ந்து இரண்டாம் வருடம். ஈக்குப்பிகளின் உணவில் புதினா எண்ணெய் ஒரு துளி கலந்து புழுக்களை வளர்த்தேன். ஈயாக வந்ததும் கவட்டைக் குழாயில் விட்டால் புதினா பக்கம் நிறையப் போயின. சாதாரண உணவில் வளர்ந்தவை விலகிப் போயின. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதே. என் மகிழ்ச்சிக்கு அளவில்லை. வரைபடத்தை எடுத்துக்கொண்டு மூத்தவர் ஒருவரிடம் ஓடினேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. என் குப்பி ஒன்றைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். கூடுகள் கண்ணாடிச் சுவரில், உணவுக்கு ஒரு விரல்கடை மேலே ஒட்டியிருந்தன. நாலைந்து ஈக்கள் அப்போதுதான் வெளியே வந்து, வெளிறின உடம்போடு அந்த உணவின் மேலேயே நடந்துகொண்டிருந்தன. "பாடம் படிச்சது புழுவாம்மா, ஈயாம்மா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பிறகு ஒவ்வொரு கூட்டையும் ஈரத் தூரிகையால் நோகாமல் பிரித்தெடுத்து, தண்ணீரில் அலசி, புதினாவே இல்லாத புதுக் குப்பியில் வைத்தேன். அரிசி முனை அளவுகூட இல்லாத பழுப்புக் கூடுகள், ஒரு நாளைக்கு இருநூறு. அவசரப்பட்டு அழுத்தினால் உடைந்துவிடும். எட்டு வாரம் அந்த வேலை. கடைசியில் கவட்டைக் குழாயில் புதினா விருப்பம் காணாமல் போயிருந்தது. புழு எதையும் கொண்டுவரவில்லை. வெளியே வந்த முதல் மணி நேரங்களில் ஈதான் கற்றிருக்கிறது. அன்று அழுதேன். ஆனால் அந்த ஒரு கேள்வி எனக்குச் சொல்லிக்கொடுத்ததைப் போல வேறெதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை.

2023-ல் ட்ரூமனும் அவர் குழுவும் ஈ மூளையின் அணுக்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு வந்தது. புழுவின் காளான் உடலில் வேலை செய்யும் அணுக்களில் ஒரு பகுதி இரவல் ஆட்கள். கூட்டுப்புழுவானதும் அங்கிருந்து கிளம்பி, மூளையின் வேறு மூலையில் வேறு வேலைக்குப் போய்விடுகின்றன. அவற்றின் இடத்தில் புதியவர்கள். பாடத்தை எழுதிக்கொண்டவரும் இல்லை, வாசித்தவரும் இல்லை. பழ ஈயில் புழுப் பாடம் தங்குவதற்கு மூளையின் அமைப்பில் இடம் தெரியவில்லை என்று எழுதினார்கள். படித்ததும் எனக்கு அந்த இருநூறு கூடுகள்தான் ஞாபகம் வந்தன.

ஈக்கு ஒரு பதில், கொம்புப்புழுவுக்கு ஒரு பதில். எலுமிச்சைப் புழுவுக்கு என்ன பதில் என்று அந்தப் புழுவிடம்தான் கேட்க வேண்டும்.


புற்றுமண் எழுதியது:

எறும்பிலும் இப்படி ஒன்று உண்டு. கேட்டாகிளிஃபிஸ் என்ற பாலைவன எறும்பு வகையில், 1985-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் புழுக்களை வேறு எறும்புக் கூட்டத்தில் வைத்து வளர்த்தார்கள். தன் கூட்டத்துப் புழு எது, அந்நியப் புழு எது என்று வளர்ந்த எறும்பு பிரித்தறிவதில் அதன் புழுப்பருவ அனுபவத்துக்குப் பங்கு இருக்கிறது என்று கண்டார்கள். எறும்புக்கு வாசனைதானே உறவு. அங்கே இது சும்மா வேடிக்கை இல்லை, வாழ்க்கையே அதை நம்பித்தான்.

வேறு பூச்சிகளின் புழுவுக்குள் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளை வளர்ப்பவர்களுக்கு ஈக்குப்பி மேடம் சொன்ன "புழுவா ஈயா" கேள்வி பழகினதுதான். 1937-ல் தார்ப், ஜோன்ஸ் இருவரும் ஒரு ஒட்டுண்ணிக் குளவியை அதற்குப் பழக்கமில்லாத மெழுகு அந்துப்பூச்சியின் புழுவில் வளர்த்தபோது, வளர்ந்த குளவி அந்த வாசனைக்கு ஈர்க்கப்பட்டது. வெளியே வந்தவுடன் அந்த வாசனையில் வைத்தாலும் அதே ஈர்ப்பு வந்தது. கூட்டை உடைத்து வெளியே வரும் அந்தச் சில நிமிடங்களைக் குறைத்து மதிப்பிடக்கூடாது.


வேர்க்கால் எழுதியது:

மேலே நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கரைந்துவிடும் என்று பள்ளியில் படித்ததை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். கொம்புப்புழுச் சோதனையை இன்றுதான் கேள்விப்படுகிறேன். எலுமிச்சைத்தொட்டி, மன்னிக்கவும்.


எலுமிச்சைத்தொட்டி எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

செடியில் மறுபடி முட்டை வைத்திருந்தது, கடுகை விடச் சின்னதாக மஞ்சள் முத்து மாதிரி. ஆறு புழு எடுத்தோம். மூன்றைத் தினமும் தொட வேண்டும், மூன்றைத் தொடவே கூடாது. பெட்டிகளில் சிவப்பு நூல், வெள்ளை நூல் கட்டினாள். வெள்ளை நூல் பெட்டியைத் தொடாமலிருக்கத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டாள். ஒரு நாள் பெட்டிக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

கடைசி நாளில் எல்லாவற்றையும் தொட்டோம். தொட்டுப் பழகின மூன்றில் இரண்டு கொம்பை நீட்டவில்லை, ஒன்று கொஞ்சமாக நீட்டியது. தொடாத மூன்றும் முழுக் கொம்பை நீட்டின, அறை முழுக்க நெடி. "பார்த்தியா, பழகுதுதான்!" என்று குதித்தாள். ஆறு புழு போதாது என்பது எனக்கும் தெரியும் மேடம். இருந்தாலும் அவள் குதித்தபோது நானும் குதித்தேன்.

ஒரு கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரவில்லை, சின்னச் சின்னக் குளவிகள் வந்தன. அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. மற்ற ஐந்தும் பூச்சியாயின. ஐந்திடமும் விரலை நீட்டினாள். ஐந்தும் ஏறிக்கொண்டன. சிவப்பு நூலும் ஏறியது, வெள்ளை நூலும் ஏறியது.

கொஞ்ச நேரம் யோசித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "அப்போ விரல் வேண்டாம்ப்பா. வாசனையை வெச்சுக் கேக்கலாம். அந்த மேடம் சொன்ன மாதிரி கூட்டைக் கழுவிடலாம்" என்றாள். மின் அதிர்ச்சி கிடையாது என்றும் சொல்லிவிட்டாள். பிடிக்காத ஒன்றை வைத்துப் பாடம் சொல்ல மாட்டாளாம், பிடித்ததை வைத்துத்தான். புதினா எண்ணெயை இலையில் தடவலாமா மேடம்? எவ்வளவு?


ஈக்குப்பி எழுதியது:

இலையில் தடவவே வேண்டாம், எண்ணெய் பட்டால் புழு இறந்துவிடலாம். காகிதத் துண்டில் ஒரு துளி, துணி சுற்றின சின்ன மூடிக்குள் வைத்து, புழு தொட முடியாதபடி பெட்டியின் ஓரத்தில் கட்டுங்கள். புது இலை வைக்கும்போது மட்டும் அந்த மூடி இருக்கட்டும், தின்று முடித்ததும் எடுத்துவிடுங்கள். கடைசிப் பச்சைப் பருவத்தில் மட்டும் செய்தால் போதும். வெள்ளை நூல் பெட்டிக்கும் அதே அளவு புதினா காட்ட வேண்டும், ஆனால் இலை இல்லாத நேரத்தில். இல்லாவிட்டால் வெறும் பழக்கத்தையும் பாடத்தையும் பிரித்துச் சொல்ல முடியாது.

கூடு கட்டியதும் குச்சியோடு எடுத்து, ஓடும் தண்ணீரில் வேண்டாம், ஈரத் தூரிகையால் துடைத்து, புதினா வாடையே படாத அறையில் புதுப் பெட்டியில் வையுங்கள். வெளியே வந்த அன்றே சோதிக்க வேண்டாம். இறகு நன்றாக இறுகி, பசியெடுத்துப் பறக்க ஆரம்பித்த பிறகு, இரண்டு சர்க்கரைத் தண்ணீர்ப் பஞ்சுகள், ஒன்றின் அருகே புதினா. எந்தப் பூச்சி எந்த நூல் என்று பார்த்துக் குறிப்பெடுப்பவருக்குத் தெரியக்கூடாது. அதனால் நூலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பை அவள் எடுக்கட்டும்.

ஆறு போதாது என்று சொன்னீர்கள், சரிதான். ஒரு தடவைக்கு ஆறு என்று வைத்துக்கொண்டு முட்டை வரும்போதெல்லாம் செய்யுங்கள். நோட்டில் தேதி போடச் சொல்லுங்கள். குளவி வந்த கூட்டையும் எழுதி வைக்க வேண்டும், விட்டுவிடக்கூடாது.